ஆதித்த கரிகாலனும் வாசகர் தீர்ப்பும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலை வாசித்தவர் இருவர் ஓரிடத்திற் சந்திப்பாராயின், அவர்தம் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடம்பூர் மாளிகையில் வந்து நிற்பதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். அங்கே, இருள் சூழ்ந்த அறையொன்றில், சோழநாட்டின் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் உயிரற்றுக் கிடக்கிறான். கொன்றவர் யார்? நந்தினியா? ரவிதாசனா? பெரிய பழுவேட்டரையரா? அல்லது அவனுடைய விதிதானா? இந்த வினா நாவல் தொடர்கதையாக வெளிவந்த நாளிலும் கேட்கப்பட்டது, இன்றும் கேட்கப்படுகிறது. ஆயின் இவ்வினாவுக்குப் பின்னே இன்னொரு வினா மறைந்து நிற்கிறது. அதையே இக்கட்டுரையில் வாசக நேயர்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

'பொன்னியின் செல்வன்', 'கல்கி' வார இதழில் 1950 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே தொடங்கி, 1954 ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை தொடர்ந்தது. ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் அதற்கு அணிசெய்தன. தொடர் முடிந்த அதே ஆண்டு டிசெம்பர் 5 ஆம் நாள் ஆசிரியர் காலமானார். இந்தியச் சஞ்சிகைகள் இலங்கைக்குத் தாராளமாக வந்துகொண்டிருந்த காலம் அது. இதழ் வந்ததும் யார் முதலிற் படிப்பது என்பதில் வீடுகள்தோறும் போட்டி நிகழும். படித்து முடிந்த பின் தொடர்கதைப் பக்கங்களைக் கவனமாகப் பிரித்தெடுத்து, நூலாகக் கட்டி, அலுமாரியில் வைத்துப் பாதுகாத்தோர் பலர். அவ்வாறு கட்டிய தொகுதிகள் கைமாறிக் கைமாறி, ஓரம் தேய்ந்து, கிராமத்து வாசிகசாலைகளை வந்தடைந்ததும் உண்டு. 1999 ஆம் ஆண்டிற் கல்கியின் படைப்புகள் அரசுடைமையாக்கப்பட்டபின் பதிப்புகள் பெருகின. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்தினத்தின் நெறியாள்கையில் இரு பாகங்களாகத் திரைப்படமும் வந்தது. பாட்டனார் படித்த கதையைப் பேர்த்தி வாங்கிப் படிக்கிறாள். இருவரும் கரிகாலனைப் பற்றி முரண்படுகிறார்கள்.

கதாநாயகன் யார்?

நாவலின் பெயர் அருள்மொழிவர்மனுக்கு உரியது. கதையின் பாரத்தைச் சுமந்து குதிரையேறிச் செல்பவனோ வந்தியத்தேவன். இவ்விருவரையும் விரும்பாத வாசகரை நான் கண்டதில்லை. விருப்பத்தில் ஒன்றுபடுவோரிடையே வாதத்துக்கு இடம் ஏது? வாசகர் சண்டையிடுவது மூன்றாமவனைக் குறித்தே. மூத்தவன், வீரத்தில் எவர்க்கும் இளையாதவன், காஞ்சியிலே தன் தந்தைக்கெனப் பொன்மாளிகை சமைத்தவன், ஆயினும் அம்மாளிகையில் ஒரு நாளேனும் நிம்மதியாக உறங்காதவன். அவன் சிரித்தாலும் அருகிலிருப்போர் அஞ்சுவர். நண்பரையும் சொல்லால் அடிப்பான். மறுகணம் தன்னையே நொந்துகொள்வான்.

அவனது நோயின் மூலத்தைக் கல்கி முதற் பாகத்திலேயே, மாமல்லபுரத்துக் காட்சியில் வெளிப்படுத்திவிடுகிறார். தன் தோழன் பார்த்திபேந்திரனிடம் கரிகாலன் தன் கதையைக் கூறுகிறான். இளமையிலே நந்தினி என்னும் பெண்மீது அவன் மனம் சென்றது. அரண்மனை அதனை ஏற்கவில்லை. பின்னர், பாண்டியனோடு நிகழ்ந்த போரின் முடிவில், தோற்றோடி மறைந்த வீரபாண்டியனைத் தேடிச் சென்ற கரிகாலன், பாண்டிநாட்டுக் குடிசையொன்றிற் காயமுற்றுக் கிடந்த அவ்வரசனைக் காண்கிறான். அருகிலே நந்தினி. அவனுயிரைத் தனக்குப் பிச்சையிடுமாறு அவள் கைகூப்பி வேண்டுகிறாள். கரிகாலனின் வாள் கேட்கவில்லை. வீரபாண்டியனின் தலை வீழ்ந்தது. அன்று நந்தினி தன்னைப் பார்த்த பார்வை ஊணிலும் உறக்கத்திலும் அவனை விட்டகலவில்லை.

இந்தக் குடிசைக் காட்சியை ஒருவர் எவ்வாறு வாசிக்கிறாரோ, அவ்வாறே கடம்பூரில் நிகழும் மரணத்தையும் வாசிப்பார் என்பது என் அனுபவம்.

நான்கு கட்சிகள்

பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த அபிப்பிராயங்களை ஒழுங்குசெய்து பார்க்கும்போது, வாசகரை நான்கு கட்சிகளாகப் பிரிக்கலாம் போலும்.

முதற் கட்சியினர் கரிகாலனின் அடியார்கள். பெருவீரன் ஒருவன், பெண்ணொருத்தியின் பொருட்டு மனமுடைந்து மாய்ந்தான் என்பது இவர்தம் துயரம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எங்களூர் வாசிகசாலைத் திண்ணையிலிருந்து, அருள்மொழி தெய்வம், வந்தியத்தேவன் விளையாட்டுப் பிள்ளை, கரிகாலன் ஒருவன்தான் மனிதன் என்று சொல்வதுண்டு. அவர் கூற்றை அவ்வளவிலே தள்ளிவிட முடியாது. இத்தனை வாள்கள் சுழலும் ஒரு நாவலில், தான் செய்த கொலையொன்றை நினைத்து உறக்கமிழந்த வீரன் கரிகாலனைப் போல் வேறொருவன் இல்லை. அறுபத்துநான்கு விழுப்புண் தாங்கிய பெரிய பழுவேட்டரையர், தம் வாளுக்கு இரையானவரை எண்ணிக் கலங்கியதாக நாம் அறியோம்.

இரண்டாம் கட்சி நந்தினியின் கட்சி. முன்னாளில் இக்கட்சிக்கு ஆளில்லை. அவளை மாயக்காரி, நச்சுப்பாம்பு என்று ஏசிப் போவதே வழக்காயிருந்தது. இக்காலத்து இளம் வாசகியரோ வேறு விதமாகப் பேசுகின்றனர். சிறுமியாயிருந்தபோது அரண்மனையார் அவளைத் துரத்தினர்; வளர்ந்தபின் இரந்து கேட்ட ஓருயிரையும் அவளுக்குக் கொடுத்தார் இலர்; பின் அவள் வஞ்சம் கொண்டாள் என்றால் குற்றம் யாருடையது என்று அவர்கள் கேட்கின்றனர். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி என்னிடம், கரிகாலன் அழுவதற்கு ஐந்து பாகங்கள் கிடைத்தன, நந்தினி அழுவதற்கு ஓர் அத்தியாயமேனும் கிடைத்ததா என்று வினவினாள். கணக்குச் சற்று மிகையானதே. நந்தினியின் தனிமையைக் கல்கி பல இடங்களில் உருக்கமாகவே தீட்டியுள்ளார். எனினும் வினாவின் கூர் மழுங்கவில்லை.

மூன்றாம் கட்சியினர் சரித்திர அபிமானிகள். கல்வெட்டிலே கொலையாளிகளின் பெயர்கள் இருக்க, கற்பனைப் பெண்ணொருத்தியைக் கொணர்ந்து நிறுத்தி, அரசியற் கொலையைக் காதற் கதையாக்கியது தகுமா என்பது இவர்தம் முறைப்பாடு.

நான்காம் கட்சியினர் ஆசிரியர்மீதே குறைகாண்பவர். ஐந்து பாகங்கள் வளர்த்துக் கொணர்ந்த மர்மத்தை அவிழ்க்காமலே விடலாமா, இது வாசகரை ஏமாற்றுவதன்றோ என்கின்றனர். இக்குறை புதிதன்று. தொடர் முடிந்தபோதே வாசகர் அதிருப்தியுற்று வினாக்கள் எழுப்பினர். நூலின் இறுதியிற் காணப்படும் முடிவுரையில் அவற்றுக்குச் சமாதானம் கூற வேண்டிய நிலை கல்கிக்கு நேர்ந்தது.

இவை தவிர, 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஈழத்திலே தேசிய இலக்கியம் பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்தபோது எழுந்த கண்டனமும் ஒன்றுண்டு. அரச குலத்துக் கதைகள் பழம்பெருமை பேசி வாசகரை மயக்குகின்றன; உழைக்கும் மக்களின் வாழ்வை மறைக்கின்றன என்பது அது. அக்கண்டனத்தில் உண்மை உண்டு. ஆயின் பழம்பெருமை பேசுவதாகச் சொல்லப்படும் இந்நாவலின் நடுவிலே, அப்பெருமையின் விலை என்ன என்று கேட்டுக்கொண்டு ஒருவன் நிற்கிறான் என்பதைக் கண்டனகாரர் போதியளவு கவனித்திலர் என்றே நான் கருதுகிறேன்.

கல்லும் செப்பும் சொல்வன

மூன்றாம் கட்சியினருக்கு விடைகூறுமுன், சரித்திரம் எம்மிடம் விட்டுச் சென்றவற்றைப் பார்ப்போம்.

ஆதித்த கரிகாலன் சுந்தர சோழனின் மூத்த மகன். இளம் பிராயத்திலேயே சேவூர்ப் போரிற் பாண்டியனுக்கெதிராகப் பொருதவன். 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்னும் அடைமொழியோடு அவன் பெயர் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றது. இதிற் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவனால் வெல்லப்பட்ட வீரபாண்டியனோ, அதற்குமுன் 'சோழன் தலைகொண்ட' என்று தன்னைக் கல்வெட்டுகளிற் கூறிக்கொண்டவன். ஆக, தலைக்குத் தலை என்னும் கணக்கு இரு குலங்களுக்கிடையே முன்னரே தொடங்கிவிட்டது.

இராசேந்திர சோழனின் 6 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடு, கரிகாலன் பாண்டியன் தலையைத் தன் நகரில் வெற்றித் தூணாக நாட்டியதைப் பெருமையோடு பேசுகின்றது. அவன் மறைந்தபின் குடிமக்கள் அருள்மொழியை அரசேற்குமாறு வேண்டினர் என்றும், தன் சிற்றப்பன் உத்தம சோழன் அரசை விரும்புமளவும் தான் அதனை மனத்தாலும் நினையேன் என அவன் விலகினான் என்றும் அச்செப்பேடே கூறுகின்றது. கரிகாலன் எவ்வாறு இறந்தான் என்பதை மட்டும் அது சொல்லாமல், விண்ணுலகு காணச் சென்றான் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது.

கொலையைப் பேசுவது காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடிக் கல்வெட்டு. அது இராசராசனின் 2 ஆம் ஆட்சியாண்டுக்குரியதென அறிஞர் கொள்வர். கரிகாலனைக் கொன்ற துரோகிகளெனச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோரைப் பெயர்சுட்டி, அவர்தம் உடைமையும் உறவினர் உடைமையும் கொள்ளப்பட்டமையை அக்கல்வெட்டுக் காட்டுகின்றது. இராசராசன் முடிசூடியது 985 ஆம் ஆண்டு. கரிகாலன் கொலையுண்டது 970 ஆம் ஆண்டை ஒட்டியென்பர். இடையிலே ஆண்டவன் உத்தம சோழன். இந்த நீண்ட இடைவெளியே அவன்மீது ஐயம் விழக் காரணமாயிற்று. 1935 ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தமது சோழர் வரலாற்றில் நீலகண்ட சாத்திரியார் அவ்வையத்தை எழுப்பினார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். இராசராசனே தன் மகனுக்கு மதுராந்தகன் என உத்தம சோழனின் பெயரை இட்டிருந்தான் என்பதை நோக்கும்போது, மறுப்புக்கும் வலுவுண்டு என்பது புலனாகும்.

கொன்ற கைகளின் பெயரைக் கல் சொல்கிறது. கொல்லத் தூண்டிய காரணத்தை அது சொல்லவில்லை. கல்கி இதனை அறியாதவரல்லர். ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரை அவர் நாவலிலே சதிகாரராக நடமாட விட்டிருக்கிறார். காரணம் இல்லாத வெற்றிடத்திலேதான் நந்தினியைப் படைத்தார். எனவே சரித்திரத்தை மறைத்துக் காதலைப் புகுத்தினார் என்ற முறைப்பாடு நிலைபெறாது. கல்வெட்டு வாய்திறவாத இடத்தில், வெட்டுண்ட தலைக்கு உரிமைகொண்டாடும் ஒருத்தியை நிறுத்தி, அவள் வாயால் அவர் பேசுவித்தார். வென்றவரின் செப்பேட்டிலே தோற்றவருக்கு இடமில்லை. நந்தினி அந்த இடத்திலிருந்து எழுந்து வருகிறாள். மீன் பொறித்த வாளை அவள் பூசிப்பதன் பொருள் அதுவே.

வீரத்தின் எல்லை

இனி, குடிசைக் காட்சிக்கு வருவோம். போரிலே பகையரசனைக் கொல்வது அக்காலத்து வழக்கமன்றோ? அவ்வழக்கத்தின்படி நடந்தவன் ஏன் வருந்த வேண்டும்? கரிகாலனின் வருத்தத்தைக் காதற் பித்தென்று தள்ளுவோர் இவ்வாறு கேட்பதுண்டு.

தமிழர் மரபு இதற்கு விடை வைத்திருக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை, தழிஞ்சி என்றொரு துறையைக் கூறும். புறங்கொடுத்தவர்மீது படைக்கலம் ஓச்சாமை அதன் பொருள். கொல்வதைத் தொழிலாகக் கொண்ட மறவனுக்கும், கொல்லக்கூடாத இடம் ஒன்றுண்டு என வரையறுத்த மரபு அது. போர்க்களத்தில் எதிர்நின்ற வீரபாண்டியனைக் கரிகாலன் வீழ்த்தியிருந்தால், அவனுக்கு உறக்கம் கெட்டிராது. அவன் வெட்டியது களத்தை விட்டு நீங்கியவனை, காயத்தோடு படுத்திருந்தவனை, ஒரு பெண் கைகூப்பி மறித்து நின்றபோது. கரிகாலனை வாட்டுவது காதல் தோல்வி மட்டுமன்று. தன் குலத்தின் வீரம் எந்த எல்லையோடு வீரமாக இருக்கிறதோ, அந்த எல்லையைத் தான் கடந்துவிட்டதை அவன் அறிவான். செப்பேடு எதைப் பெருமையாகப் பொறித்ததோ, அதையே நாவல் இழிவாகக் காண்கிறது. இந்த ஒரு திருப்பத்துக்காகவே கல்கியைச் சரித்திர நாவலாசிரியருள் உயர்ந்தவர் எனத் துணிந்து கூறுவேன்.

நெடிய போரொன்றைக் கண்டு, 2009 ஆம் ஆண்டுக்குப் பின் அதன் சாம்பலிடையே வாழ்ந்துவரும் எம்மவர்க்கு இந்தக் காட்சி வெறும் கதையன்று. போர் முடிந்த இடத்திலே, எதிர்க்க வலியற்றவரிடம் வென்றவர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்ற வினா எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதை நாம் அறிவோம். 1950களில் இந்நாவலை வாசித்த எம் முன்னோர் குடிசைக் காட்சியைக் கடந்து கடம்பூருக்கு விரைந்தனர். நாமோ குடிசையிலேயே நின்றுவிடுகிறோம்.

பச்சாத்தாபமும் பிராயச்சித்தமும்

இங்கேதான் முதற் கட்சியினரோடு எனக்கு மாறுபாடு. கரிகாலன் வருந்தினான், ஆதலால் மன்னிக்கப்பட்டான் என்பது அவர்தம் உள்ளக் கருத்து. வருந்தும் வீரன்மீது அன்பு சுரப்பது இயல்பே. குற்றம் செய்தவன் கண்ணீர் விடும்போது, அவன் யாருக்குக் குற்றம் செய்தானோ அவரை நாம் மறந்துவிடுகிறோம்.

கரிகாலனின் துயரை உற்று நோக்குக. அவன் பேச்சிலெல்லாம் நந்தினியின் கண்கள் வருகின்றன. அவள் பார்வை வருகிறது. தன் உறக்கமின்மை வருகிறது. வீரபாண்டியன் எங்கே? அவனுக்கும் ஓர் உயிர் இருந்தது, அவனுக்கும் வாழும் ஆசை இருந்தது என்ற நினைவு கரிகாலனின் துயரில் எத்தனை பங்கு? அவன் இழந்தது ஒரு பெண்ணின் அன்பு, அதற்காக அழுகிறான். அவன் பறித்தது ஓர் உயிர். அதற்காக அழுதானா என்பது ஐயமே. பச்சாத்தாபம் என்பது தன்னையே சுற்றிவரும் நெருப்பாயின், அதனால் எரிபவர் அருகிலிருப்போர்தாம். நண்பரைச் சந்தேகிக்கிறான்; தந்தையை அடைந்திருக்கும் அரசியல் நோய்க்கு மருந்து தேடாமல், தன் நோயையே வளர்க்கிறான். கடம்பூருக்குப் போகவேண்டாமென்று குந்தவை சொல்லியனுப்பியும், பாட்டன் மலையமான் தடுத்தும், அவன் போகிறான். சாவை விரும்பியே போகிறான் என்பதை வாசிப்போர் யாவரும் உணர்வர்.

அச்சாவினால் யாருக்கு என்ன தீர்ந்தது? வீரபாண்டியன் மீளவில்லை. நந்தினிக்கு அமைதி வரவில்லை. சுந்தர சோழர் மகனை இழந்தார். பழி வந்தியத்தேவன் தலையில் விழ, அவன் சிறையில் அடைக்கப்படுகிறான். நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் வந்து நிற்கிறது. தன்னைத் தானே தண்டித்துக்கொள்பவன், கடனைத் தீர்த்துவிட்டதாக எண்ணுகிறான். கடன்பட்டது பிறரிடம் என்பதை மறந்துவிடுகிறான்.

இரண்டாம் கட்சியினர்க்கும் ஒரு சொல். நந்தினியின் வழக்கு நியாயமானது. அவள் தேடிய தீர்ப்பு நியாயமானதன்று. முதிய பழுவேட்டரையரின் மோகத்தையும், கந்தமாறன், பார்த்திபேந்திரன் முதலியோரின் மயக்கத்தையும் அவள் கருவியாக்கினாள். திருப்புறம்பயம் பள்ளிப்படையிலே, ஏதுமறியாச் சிறுவனொருவனைப் பாண்டிய மன்னனாக அறிவித்து, பழிக்கணக்கை அவன் தலையிலும் ஏற்ற அவள் உடன்பட்டாள். அடிபட்டவரின் கோபத்தை நாம் மதிக்கலாம்; அதன் வழியே போக வேண்டுமென்பதில்லை.

கொன்ற கை எது?

நான்காம் கட்சியினரின் குறைக்கு இப்போது விடை கூறலாம். கொன்றவர் யார் எனக் கல்கி சொல்லாமல் விட்டது குறையன்று என்பது என் துணிபு.

கொலைக்குப் பின் நிகழ்வதைக் கவனியுங்கள். பெரிய பழுவேட்டரையர் தமது கையே கொன்றது என்கிறார். மணிமேகலை, தான் விரும்பிய வந்தியத்தேவனைக் காக்கும்பொருட்டுத் தானே கொன்றதாகச் சாதிக்கிறாள். வந்தியத்தேவனோ வாய்திறந்தால் வேறு எவர்க்கோ இடர் நேருமென்று பழியைத் தாங்குகிறான். ஒரு கொலைக்கு இத்தனை பேர் உரிமை கோருகின்றனர். செய்தவன் சுமக்கமாட்டாது அழிந்த பழியை, செய்யாதவர் சுமக்க முன்வருகின்றனர். மூவரில் ஒருவர் பெயரை ஆசிரியர் உறுதிசெய்திருந்தால், வாசகர் புத்தகத்தை மூடிவிட்டுத் திருப்தியோடு உறங்கியிருப்பர். கடம்பூரோடு வழக்கு முடிந்திருக்கும். பெயர் சொல்லப்படாமையால் நாம் பின்னோக்கிச் செல்கிறோம். கடம்பூரிலிருந்து குடிசைக்கும், குடிசையிலிருந்து 'சோழன் தலைகொண்ட' பாண்டியனுக்கும், அதற்கும் அப்பாலும் வழி நீள்கிறது. இதிலே ஒரு கையை மட்டும் சுட்டுவது எப்படி?

திரைப்படம் இந்த நிலையை ஒரு வகையில் மாற்றிவிட்டது. விக்ரம் கரிகாலனாகவும் ஐசுவர்யா ராய் நந்தினியாகவும் நடித்த அப்படத்தில், நாவலிற் பல அத்தியாயங்களிற் சிதறிக் கிடந்த அவ்விருவர் உறவு நடுப்பொருளாயிற்று. அதனால் இளையோர் பலர் நூலைத் தேடி வந்தனர், அது நன்மையே. ஆயின் அவர்களுட் பலர் காதலரின் சோகத்தைத் தேடி வருகின்றனர்; வாளுக்கு இரையானவனைக் காணாமலே திரும்புகின்றனர். திரையிற் பேரழகாகத் தோன்றும் துயரம் எதையும் மன்னிக்க வைத்துவிடும். நூலை வாசிக்கும்போது நின்று யோசிக்க அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை விட்டுவிடலாகாது.

முடி துறந்தவன்

கரிகாலனால் இயலாத பிராயச்சித்தம் நாவலில் வேறொருவனால் நிகழ்கிறது. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர். நாடே சூட்ட வந்த முடியை அருள்மொழி ஏற்காமல், சேந்தன் அமுதனாக வளர்ந்த உத்தம சோழனுக்கு அளிக்கிறான். முன்னர் அநுராதபுரத்திலே, பிக்குமார் ஈழத்துச் சிங்காதனத்தை அளிக்க முன்வந்தபோதும் அவன் மறுத்தான். போரிற் பழுதுற்ற விகாரைகளைச் செப்பனிடச் செய்தான். மூத்தவன் தலை கொண்டான். இளையவன் முடியை விட்டான். அழுவதால் அடையாததைக் கொடுப்பதால் அடையலாம் என்று கல்கி காட்டுகிறார். கரிகாலனின் துயரைவிட இது குறைந்த கவர்ச்சி உடையதுதான். ஒரு துளிக் கண்ணீரும் இல்லாமல் நிகழ்வதால், வாசகர் பலர் இதனைக் கைதட்டி வரவேற்றுவிட்டு, மறுபடியும் கரிகாலனைப் பற்றிப் பேசச் சென்றுவிடுகின்றனர்.

ஆயினும் அருள்மொழியைத் தெய்வமாக்க ஈழத்து வாசகரால் இயலாது. 985 ஆம் ஆண்டில் முடிசூடிய அவனது படையே, 993 ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தைக் கைப்பற்றியது. நூற்றாண்டுகளாகத் தலைநகராயிருந்த அந்நகரம் அத்தோடு அந்நிலையை இழந்தது. சோழர் பொலன்னறுவையிலிருந்து ஆண்டனர். நாவல் அந்த ஆண்டுவரை போகவில்லை. முடிதுறந்த இடத்திலே கல்கி கதையை நிறுத்தினார். எங்கே நிறுத்துவது என்பதும் ஆசிரியரின் தீர்ப்பே. நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் வரலாறு நடந்தது என்பதை நினைவில் வைத்திருப்பது வாசகரின் கடமை.

வாசகர் நீதிமன்றத்திலே தீர்ப்புகள் மாறிக்கொண்டே வரும். ஒரு தலைமுறை நந்தினியைத் தண்டித்தது. மற்றொன்று அவளை விடுவிக்கிறது. கரிகாலன் ஒரு காலத்திற் பெருவீரன். பின்னர் காதற் பைத்தியம். இப்போது மனநோயாளி எனவும் சிலர் கூறுகின்றனர். எத்தீர்ப்பும் ஒரு சாட்சியை விசாரிக்காமலே எழுதப்பட்டது என்பது என் முறைப்பாடு. அடுத்த முறை இந்நாவலைக் கையிலெடுக்கும் நேயர்கள், மாமல்லபுரத்துக் காட்சியிற் சற்றே தங்குவார்களாக. கரிகாலன் பேசட்டும், அவன் துயரை நாமும் கேட்போம். கேட்கும்போது, அவன் தோளுக்கு அப்பால், குடிசைக்குள்ளே காயத்தோடு படுத்திருக்கும் அந்த மனிதனையும் ஒரு முறை பார்ப்போம். நாவலிலே தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க வாய்ப்பின்றிப் போனவன் அவன் ஒருவனே.